காலைக் கஞ்சியும் அதன் துணைகளும்: ஆசிய அடுக்களைகளிலிருந்து சில எளிய முறைகள்

அறுவைச் சிகிச்சையோ நீண்ட காய்ச்சலோ முடிந்து வீடு திரும்பியவருக்கு மறுநாள் காலையில் என்ன கொடுப்பது என்னும் வினாவுக்கு மருந்துச் சீட்டில் விடை இருப்பதில்லை. இட்லி தொண்டையில் நிற்கிறது. தோசையின் எண்ணெய் மணம் குமட்டுகிறது. ரொட்டியும் பாலும் இரண்டு நாளில் சலித்துவிடுகின்றன. அப்போது பெரும்பாலான இல்லங்களில் அடுப்பேறுவது கஞ்சியே. எங்கள் உணவியல் பிரிவுக்கு வரும் குடும்பத்தாரிடம் காலை உணவைப் பற்றிக் கேட்கும்போது, கஞ்சி ஒன்றுதான் இறங்குகிறது என்னும் விடையே மிகுதியாகக் கிடைக்கிறது.

இத்தேர்வில் பிழை ஏதுமில்லை. நன்றாகக் குழைந்த அரிசி மெல்லாமலே விழுங்கத்தக்கது. வயிற்றுக்குச் சுமை தராதது. வாய் உலர்ந்து, நாக்கின் சுவை மாறியிருக்கும் நாட்களிலும் ஏற்றுக்கொள்ளப்படுவது. ஆயினும் ஒரு கணக்கை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு கைப்பிடி நொய் ஏறத்தாழ 30 கிராம் இருக்கும். அதைக் காய்ச்சி உப்பிட்டுக் கொடுத்தால் நோயாளிக்குக் கிடைப்பது சுமார் 100 கலோரி ஆற்றல், சுமார் 2 கிராம் புரதம். கிண்ணம் நிறைந்திருக்கிறது, வயிறும் நிறைந்துவிடுகிறது, ஆனால் உள்ளே சென்றதில் மிகப்பெரும் பங்கு நீரே.

நோயிலிருந்து மீளும் உடலுக்குப் புரதத் தேவை கூடுகிறது. சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்க்கு, உடல் எடை ஒரு கிலோவுக்கு நாள் ஒன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது பொதுவாக மேற்கொள்ளப்படும் அளவு. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 60 முதல் 75 கிராம் ஆகும். இதில் காலை உணவிலேயே 15 முதல் 20 கிராம் வரை சேர வேண்டும். வெறுங்கஞ்சி தருவது 2 கிராம். இந்த இடைவெளி நாள்தோறும் நீடித்தால் உடல் தன் தசையையே கரைத்து ஈடுகட்டும். வீடு திரும்பி மூன்று வாரமாகியும் நாற்காலியிலிருந்து எழக் கையூன்ற வேண்டியிருப்பது, காயம் மெல்ல ஆறுவது, சட்டை தொளதொளத்துப் போவது ஆகியவற்றுக்கு நோய் மட்டுமே காரணமன்று; காலைக் கிண்ணத்திலும் ஒரு பங்கு உண்டு.

அவ்வாறாயின் கஞ்சியைக் கைவிடுவதா? வேண்டியதில்லை. கஞ்சியைக் காலை உணவாகக் கொள்ளும் பிற ஆசிய நாடுகளின் அடுக்களைகளை நோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படும். அங்கெல்லாம் கஞ்சி தனித்து வருவது அரிது. முட்டையோ மீனோ கோழியோ பயறோ உடன் வரும். அம்முறைகளுள் நம் வீட்டில் எளிதாகச் செய்யத்தக்க சிலவற்றை இங்கே தருகிறோம்.

ஒரு சொல், பல கிண்ணங்கள்

ஆங்கிலத்தில் இவ்வுணவுக்கு வழங்கும் 'காஞ்ஜி' என்னும் சொல் நம் 'கஞ்சி'யிலிருந்து சென்றது. 1563-ஆம் ஆண்டு கோவாவில் அச்சான தம் நூலில் போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா தெ ஓர்த்தா இச்சொல்லை நோயாளிக்குரிய உணவின் பெயராகவே குறித்திருக்கிறார். சீனத்தின் வட பகுதியில் இதற்கு 'ஜோ' என்றும், தென்சீனத்துக் கன்டோனியர் நாவில் 'ஜூக்' என்றும் பெயர். கொரியாவில் 'ஜுக்', ஜப்பானில் 'ஓகாயு', தாய்லாந்தில் 'ஜோக்', வியட்நாமில் 'சாவ்', இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் 'புபூர்', பிலிப்பைன்ஸில் 'லுகாவ்'.

நோயாளியைப் படிப்படியாக முழு உணவுக்குக் கொண்டுவரும் முறையை ஜப்பானியர் மிக நேர்த்தியாக வகுத்துள்ளனர். ஒரு பங்கு அரிசிக்கு 5 பங்கு நீர் சேர்த்துக் காய்ச்சுவது முழுக்கஞ்சி. 10 பங்கு நீர் சேர்ப்பது அரைக்கஞ்சி. கஞ்சியின் மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் எடுத்தால் அது 'ஒமோயு'. அந்நாட்டு மருத்துவமனைகளில் தெளிநீரில் தொடங்கி அரைக்கஞ்சி, முழுக்கஞ்சி எனச் சென்று இறுதியில் சோற்றுக்கு வருவர். இதில் நாம் பற்றிக்கொள்ள வேண்டியது, நீர்த்த கஞ்சி ஒரு படி மட்டுமே என்பதை. நம் இல்லங்களில் அந்த முதற்படியிலேயே நோயாளி இரண்டு மூன்று வாரம் நின்றுவிடுவதுண்டு. குமட்டல் தணிந்து, வயிறு இயல்பாக இயங்கத் தொடங்கியதும், மருத்துவர் தடை சொல்லாதவரை, நீரைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

அடிப்படைக் கஞ்சி

ஒருவருக்கு 50 கிராம் அரிசி கொள்க. 200 மில்லி டம்ளரில் கால் பங்குக்குச் சற்று மேலே வரும். புழுங்கலரிசி நொய் ஏற்றது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் பி1-இன் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டிய பச்சரிசியைவிட இதில் அச்சத்து மிகுதி. நொய் இல்லையெனில் அரிசியைக் கழுவி அரை மணி நேரம் ஊறவைத்துக் கையால் நொறுக்கினாலே உடைந்துவிடும். தாய்லாந்தின் ஜோக் கஞ்சிக்கும் உடைந்த அரிசியையே எடுக்கின்றனர். விரைவில் குழைவது ஒரு காரணம், கூழ்போல் ஒன்றிவிடுவது மற்றொன்று.

இதற்கு இரண்டரை டம்ளர் நீர் வேண்டும். குக்கரில் வைக்கும்போது பாத்திரம் பாதிக்கு மேல் நிறையாமல் பார்த்துக்கொள்க. கஞ்சி பொங்கி விசில் துளையை அடைக்கக்கூடும். சில துளி எண்ணெய் விட்டால் பொங்குவது குறையும். முதல் விசில் வந்தபின் தீயைத் தணித்துப் பத்து நிமிடம் வைத்து, ஆவி தானே அடங்கும்வரை காத்திருந்து, மத்தால் கடைக. அவ்வளவே. இதன் அளவு இரண்டு கிண்ணம் வரும். ஒரே வேளையில் முடியாதவர்க்கு ஏழரை மணிக்கு ஒன்றும் பத்து மணிக்கு ஒன்றுமாகப் பிரித்துக் கொடுக்கலாம். பசி குன்றியவர்க்கு இதுவே நல்லது.

கொரியர் ஒரு சிறு வேலை கூடுதலாகச் செய்கின்றனர். ஊறிய அரிசியை எள்ளெண்ணெயில் சற்று வதக்கிய பின்னரே நீரூற்றுகின்றனர். நாம் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் அவ்வாறே செய்யலாம். மணம் கூடுவது ஒருபுறமிருக்க, ஏறத்தாழ 45 கலோரி எவர் கண்ணுக்கும் தெரியாமல் கிண்ணத்தில் சேர்ந்துவிடுகிறது. உண்ணும் அளவைக் கூட்ட இயலாதபோது உண்பதன் செறிவைக் கூட்டுவதே வழி.

இந்த அடிப்படைக் கஞ்சி தரும் புரதம் ஏறத்தாழ 4 கிராம். எஞ்சியதைத் துணைதான் தர வேண்டும்.

முட்டையும் இஞ்சியும்

எல்லாவற்றினும் எளியது சீன முறை. கொதிக்கும் கஞ்சியில் மெல்லிதாக நறுக்கிய இஞ்சியைச் சேர்க்க வேண்டும். இரண்டு முட்டையை அடித்து நூல்போல் ஊற்றியவாறே கிளறினால் இழையிழையாக வெந்துவிடும். அதன்பின்னும் இரண்டு நிமிடம் கொதிக்கவிடுக. வெங்காயத்தாளும் வெள்ளை மிளகுத்தூளும் தூவி இறக்கலாம். வெங்காயத்தாள் கிடைக்காத ஊர்களில் கொத்தமல்லித்தழை போதும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு. ஆக இந்தக் கிண்ணம் 16 கிராம் தருகிறது. முன்சொன்ன இலக்கை இது ஒன்றே எட்டிவிடுகிறது.

ஜப்பானிலும் தாய்லாந்திலும் முட்டையை அரைவேக்காட்டில், சில வேளை பச்சையாகவே, கஞ்சியின் மேல் உடைத்து ஊற்றுவதுண்டு. மீண்டுவரும் நோயாளிக்கு அது ஆகாது. மஞ்சள் கரு முழுவதும் இறுகும்வரை வேக வேண்டும்.

கோழியும் மீனும்

பிலிப்பைன்ஸில் 'அர்ரோஸ் கால்டோ' என்று ஒரு கஞ்சி உண்டு. பெயர் ஸ்பானிய மொழியில் வந்ததேயன்றி உணவு முற்றிலும் ஆசியத்தது. பூண்டு, இஞ்சி, வெங்காயம் வதக்கி, கோழித்துண்டுகளைப் புரட்டி, அரிசியும் நீரும் சேர்த்துக் குழைய வேகவைத்து, மேலே பொன்னிறமாக வறுத்த பூண்டைத் தூவிப் புளிப்புக்குச் சிறு எலுமிச்சையைப் பிழிவர். நம் வீட்டில் 75 கிராம் எலும்பில்லாக் கோழி இதற்குப் போதும். சுமார் 15 கிராம் புரதம் கிடைக்கும். வெந்தபின் கோழியை எடுத்து நார்நாராகப் பிய்த்து மீண்டும் சேர்த்தால், மெல்ல இயலாத முதியவரும் உண்பர். வாய்ப்புண் உள்ளவர்க்கு மட்டும் எலுமிச்சையையும் மிளகையும் விட்டுவிடுக.

கோழிச் சாறு குறித்து ஒரு சொல். எலும்பையும் இறைச்சியையும் வடித்தெடுத்துவிட்டுச் சாற்றை மட்டும் நோயாளிக்குக் கொடுத்து, இறைச்சியை வீட்டார் உண்பது பல இல்லங்களில் வழக்கம். சாற்றில் மணமும் உப்பும் உண்டு. புரதத்தின் பெரும்பகுதி இறைச்சியிலேயே தங்கிவிடுகிறது. நோயாளிக்கு உரியது இறைச்சி.

மீனுக்கும் இதே முறை பொருந்தும். வேகும் நேரம் மட்டும் மிகக் குறைவு. முள் நீக்கிய வஞ்சரம், விரால் போன்ற எந்த மீனையும் மெல்லிய துண்டுகளாக்கி, சிட்டிகை மஞ்சளும் இஞ்சிச்சாறும் பூசி, கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும்போது இட்டு ஐந்து நிமிடம் மூடிவைத்தால் உதிர்ந்துவரும் பதத்தில் வெந்துவிடும். பரிமாறுமுன் விரலால் தடவி முள்ளைத் தேடுவது கட்டாயம். மீன் கவிச்சையைத் தாளாதவர்க்கு, குறிப்பாகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் மணம் வெறுத்திருப்பவர்க்கு, இதை வற்புறுத்த வேண்டா.

மரக்கறி உண்போர்க்கு

பாசிப்பருப்பைவிட நல்ல துணை அரிசிக்கு இல்லை. அரிசிப் புரதத்தில் குறைந்திருக்கும் லைசின் பருப்பில் மிகுதி; பருப்பில் குறைந்திருப்பது அரிசியில் உண்டு. வங்காளத்தில் நோயுற்றவர்க்கும் மழைநாளுக்கும் வைக்கும் கிச்சடியும், கேரளத்தின் கஞ்சியும் பயறும், நம் வெண்பொங்கலும் இந்த இணையின் மேல் எழுந்தவையே. 30 கிராம் நொய்யும் 30 கிராம் வறுத்த பாசிப்பருப்பும் சேர்த்து, சீரகமும் நான்கு பல் பூண்டும் இட்டுக் குழைய வேகவைத்தால் 9 கிராம் புரதம் கிடைக்கும். உடன் ஒரு கிண்ணம் தயிர் 5 கிராம். 20 கிராம் வேர்க்கடலையில் அரைத்த துவையல் 5 கிராம். இவ்வாறு 19 கிராம் சேர்ந்துவிடுகிறது. தேங்காய்த் துவையல் சுவைக்கும் ஆற்றலுக்கும் நல்லதே. புரதத்துக்கு வேர்க்கடலையை அது ஈடுசெய்யாது.

தமிழகத்தில் ரமலான் மாதத்து நோன்புக் கஞ்சியை அறியாதவர் இலர். அரிசி, பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, தேங்காய்ப்பால், சில இல்லங்களில் கொத்துக்கறியும் சேர்த்துக் காய்ச்சப்படும் அக்கஞ்சி, பகல் முழுதும் உண்ணாதிருந்த உடலை மெதுவாக எழுப்புவதற்கு எவ்வளவு பொருத்தமாக அமைந்துள்ளது என்பதை உணவியல் கண்கொண்டு பார்க்கும்போது வியப்பே தோன்றுகிறது. மலேசியாவிலும் அதே மாதத்தில் 'புபூர் லம்போக்' என்னும் கஞ்சி பள்ளிவாசல்களில் காய்ச்சி வழங்கப்படுகிறது. மசாலையைக் குறைத்து இதைக் காலை உணவாக ஆண்டு முழுவதும் கொள்ளத் தடையில்லை.

இனிப்பான சுவையை மட்டுமே நாடும் நோயாளிகளும் உண்டு. சிறுவர் பலர் அத்தகையோர். அவர்க்குக் கொரியாவின் பூசணிக் கஞ்சி ஏற்றது. மஞ்சள் பூசணித் துண்டுகளை வேகவைத்து மசித்து, நீரில் கரைத்த இரண்டு மேசைக்கரண்டி அரிசிமாவை ஊற்றிக் கிளறினால் பளபளப்பான பொன்னிறக் கூழ் கிடைக்கும். கொரியர் இதில் வேகவைத்த சிவப்புப் பயறைச் சேர்ப்பதுண்டு; நாம் காராமணியைச் சேர்க்கலாம். நீருக்குப் பதிலாக ஒரு டம்ளர் பாலில் செய்தால் மேலும் 6 கிராம் புரதம். சோயா பனீர் என்று கடைகளில் விற்கும் டோஃபுவையும் சாதாரண பனீரையும் உதிர்த்து எக்கஞ்சியிலும் சேர்க்கலாம். இவற்றுக்குத் தனிச்சுவை குறைவாதலால் நோயாளி பெரும்பாலும் வேறுபாடு உணர்வதில்லை.

இலங்கையின் இலைக்கஞ்சியையும் குறிப்பிட வேண்டும். சிங்களத்தில் 'கொல கெந்த' எனப்படும் இது அந்நாட்டின் காலை வேளைக்குரியது. சிவப்பரிசியைக் குழைய வேகவைத்து, வல்லாரை போன்ற இலைகளை அரைத்துப் பிழிந்த சாற்றையும் தேங்காய்ப்பாலையும் சேர்த்து இளஞ்சூடாக, ஒரு துண்டு வெல்லத்தோடு பருகுவர். நிறமும் மணமும் நாவை எழுப்பக்கூடியவை. ஆயினும் இதில் புரதம் குறைவு. உடன் ஒரு வேகவைத்த முட்டையோ ஒரு கைப்பிடிச் சுண்டலோ இருக்கட்டும். சாற்றை இறுதியில் சேர்த்தாலும் ஒரு கொதி வந்தபின்னரே இறக்குக.

சிலருக்குச் சில தடைகள்

மேற்கண்டவை பொதுவானவை. கீழே குறிப்பிடும் நோய்களில் ஏதேனும் உள்ளவர் இப்பகுதியைப் படித்த பின்னரே அடுப்பை மூட்டுவது நன்று.

நீரிழிவு உள்ளவர்க்குக் குழைந்த அரிசிக் கஞ்சி இரத்தச் சர்க்கரையை மிக விரைவாக உயர்த்தும். மிக்சியில் அரைத்தால் இன்னும் விரைவு. "கஞ்சிதானே, நீர்தானே" என்னும் எண்ணத்தில் காலையில் இரண்டு கிண்ணம் வெறுங்கஞ்சி குடித்துவிட்டு, பத்து மணிக்குச் சர்க்கரை ஏன் ஏறியது என வியப்பவரை நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம். அரிசியைப் பாதியாகக் குறைத்து, தோல் நீக்காத பச்சைப்பயற்றைப் பாதி சேர்த்து, கடையாமல் பருக்கை தெரியும் பதத்தில், முட்டையுடனோ மீனுடனோ ஒரு கிண்ணத்தோடு நிறுத்துவது சரியான வழி. சாமை, வரகு, குதிரைவாலி ஆகியவற்றையும் பயன்படுத்தலாம். ஆனால் சிறுதானியம் என்பதற்காக அளவின்றிக் குடிக்கலாகாது. அவற்றிலும் மாவுச்சத்தே பெரும்பங்கு. இன்சுலின் போட்டுக்கொள்பவர் உணவை மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்லுக. கஞ்சி வேண்டா என்று பாதியில் வைத்துவிட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும் இடரும் உண்டு.

சிறுநீரக நோயாளிகள் இக்கட்டுரையின் புரதக் கணக்கைத் தமக்குரியதாகக் கொள்ளலாகாது. டயாலிசிஸ் தொடங்காதவர்க்குப் பெரும்பாலும் புரதம் குறைக்கப்படும். டயாலிசிஸில் இருப்பவர்க்குக் கூட்டப்படும். இரண்டும் எதிரெதிர்த் திசைகள். மேலும், நீரளவு வரையறுக்கப்பட்டவர்க்குக் கஞ்சியும் நீர்க்கணக்கில் சேரும் என்பதைப் பல குடும்பங்கள் நினைப்பதில்லை. ஒரு கிண்ணக் கஞ்சியில் ஏறத்தாழ ஒரு டம்ளர் நீர் இருக்கிறது. இத்தகையோர்க்கு இட்லியோ கெட்டிப் பொங்கலோ தகும். பருப்பு, கீரை, தேங்காய்ப்பால் ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. உப்புக்குப் பதிலாகக் கடைகளில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதால் சிறுநீரக நோயாளிக்கு அது தீங்கானது.

இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்க்கு இடர் கஞ்சியில் அன்று, தொட்டுக்கொள்வதில். உலக சுகாதார நிறுவனம் கூறும் உச்சவரம்பு நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி. சீன முறையில் ஊற்றும் சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியிலேயே 2 கிராமுக்கு மேல் உப்பு அடங்கியுள்ளது. ஜப்பானியரின் உப்பிட்ட உமெபோஷிக் காயும், நம் ஊறுகாயும், மோர்மிளகாயும், அப்பளமும், கருவாடும் இவ்வகையில் ஒரே குடும்பம். இஞ்சி, பூண்டு, சீரகம், எலுமிச்சை, கறிவேப்பிலை ஆகியவற்றால் உப்பின் குறையைப் பெருமளவு மறைக்கலாம். முதல் நான்கு நாள் சப்பென்றிருக்கும். பிறகு நாவு பழகிவிடும்.

பக்கவாதத்துக்குப் பின் விழுங்குவதில் இடர்ப்படுவோர்க்குக் கஞ்சி பாதுகாப்பானது என்று எண்ணுவது இயல்பு. உண்மையில், நீர் ஒருபுறமும் பருக்கை மறுபுறமுமாகப் பிரிந்து நிற்கும் நீர்த்த கஞ்சியே அவர்க்கு மிகவும் இடரானது. நீர் முந்திக்கொண்டு மூச்சுக்குழாய்க்குள் இறங்கும்போது பருக்கை வாயிலேயே நிற்கும். ஒரே சீரான, கரண்டியைக் கவிழ்த்தால் மெல்ல வழியும் பதத்தில் கடைந்து கொடுக்க வேண்டும். இன்னொரு நுட்பமும் உண்டு. உமிழ்நீரிலுள்ள நொதி மாவுச்சத்தை உடைக்கும். வாயில் வைத்த கரண்டியை மீண்டும் மீண்டும் கிண்ணத்தில் இட்டால் கெட்டியாக இருந்த கஞ்சி பத்து நிமிடத்தில் நீர்த்துவிடும். ஆகவே சிறிது சிறிதாக வேறு கிண்ணத்தில் எடுத்து ஊட்டுக. நோயாளி நிமிர்ந்து அமர்ந்திருக்க வேண்டும். உண்டபின் அரை மணி நேரமேனும் படுக்கக் கூடாது. இருமலோ குரல் மாற்றமோ கண்டால் ஊட்டுவதை நிறுத்தி எங்களை அணுகுக.

இரத்தம் உறையாமைக்கு வார்ஃபரின் உண்பவர், இலைக்கஞ்சியும் கீரையும் ஒருநாள் மிகுதியாகவும் மறுநாள் இல்லாமலும் உண்ணலாகாது; அவற்றிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும். தைராய்டு மாத்திரையை விழுங்கியவர் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழிந்த பின்னரே கஞ்சியைத் தொட வேண்டும்; பாலும் சோயாவும் சேர்ந்த கஞ்சியாயின் மேலும் தள்ளிப்போடுவது நல்லது. பல நாட்கள் ஏறத்தாழ ஒன்றும் உண்ணாதிருந்தவர்க்கு ஒரேயடியாக நிறைய உணவளிப்பது உடலின் உப்புச் சமநிலையைக் குலைக்கக்கூடும். அவர்க்கு அளவை மருத்துவரே படிப்படியாகக் கூட்டுவார்.

மிச்சக் கஞ்சியும் தூக்குச்சட்டியும்

வெந்த அரிசியை வெளியே வைத்திருந்தால் அதில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிர் பெருகும். அதன் வித்துகள் சமைக்கும் சூட்டிலும் சாவதில்லை. அது விடும் நச்சுகளுள் ஒன்று மீண்டும் சுடவைத்தாலும் அழிவதில்லை. எனவே காலையில் காய்ச்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும். அல்லது அகன்ற தட்டில் ஊற்றி விரைவாக ஆறவிட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். அவ்வாறு வைத்ததை மறுநாளுக்குள், ஒருமுறை மட்டும், நன்கு கொதிக்கவிட்டுக் கொடுக்கலாம். மீனும் கோழியும் சேர்த்ததைச் சேமிக்க வேண்டா. அடிப்படைக் கஞ்சியை மட்டும் எடுத்துவைத்துத் துணையை அன்றன்று சேர்ப்பதே எளிது.

பழைய சோற்றின் மேல் நமக்குள்ள பற்று ஆழமானது. ஒடிசாவின் பகாளமும் வங்காளத்தின் பாந்தா பாத்தும் அதன் உடன்பிறப்புகள். உடல்நலம் உள்ளவர்க்கு அது நல்ல காலை உணவே. ஆனால் கீமோதெரபி பெறுபவர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உண்பவர் ஆகியோர்க்கு, இரவு முழுதும் வெளியே ஊறிய சோறு சிகிச்சைக் காலம் முடியும்வரை வேண்டா.

உள்நோயாளிகளுக்கு வீட்டிலிருந்து உணவு கொண்டுவருவோர் தூக்குச்சட்டியில் வெதுவெதுப்பாக எடுத்துவருவதைக் காண்கிறோம். அந்த வெதுவெதுப்பே நுண்ணுயிர்க்கு உகந்த சூடு. பிளாஸ்க்கில் முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியை நிறைத்து மூடிக் கொண்டுவந்தால், பரிமாறும்போதும் ஆவி பறக்கும். வார்டுக்கு வந்ததும் செவிலியரிடம் அதில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கொடுக்க. அன்று காலை ஏதேனும் பரிசோதனைக்காக நோயாளி வெறும் வயிற்றில் இருக்க வேண்டியிருக்கலாம்.

முதல் மறுபரிசோதனைக்கு வரும்போது, அதற்கு முந்தைய ஏழு நாட்களின் காலை உணவை ஒரு தாளில் எழுதி எடுத்துவர வேண்டுகிறோம். எத்தனை கரண்டி அரிசி, அதோடு என்ன சேர்த்தது, கிண்ணத்தில் எவ்வளவு மிஞ்சியது, எந்த நாளில் குமட்டியது என்பன போதும். வீட்டில் எடைக்கருவி இருந்தால் வாரம் ஒருமுறை, காலைக்கடன் முடித்தபின், ஒரே வகை உடையில் எடை பார்த்து அதே தாளில் குறிக்கவும். மருத்துவரைப் பார்த்தபின் அத்தாளுடன் உணவியல் பிரிவுக்கு வந்தால், அடுத்த மாதக் கிண்ணத்தில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று உடனிருந்து வகுத்துத் தருவோம்.